பிள்ளைகளோடு கப்பலில் ஏழு நாளா?

விடுமுறைக்கு க்ரூஸ் போகலாமா வேண்டாமா என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள், கப்பல் பயணத்தின்மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லாதவர்கள். நானும் அப்படி இருந்தவள்தான். அதனால் ஒவ்வொரு தயக்கத்தையும் மதித்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்களுக்கு எட்டு வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன். போன விடுமுறையில் ஒன்பது நாளில் மூன்று ஓட்டல் மாறினோம். பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதும், அடுத்த வேளை எங்கே சாப்பிடுவது என்று தேடுவதும், காரில் தூங்கிப்போன பையனைத் தூக்கிக்கொண்டு நடப்பதுமாகவே போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் இன்னொரு விடுமுறை தேவைப்பட்டது. இந்த முறை க்ரூஸ் போகலாம் என்கிறேன். என் கணவருக்குப் பிடிக்கவே இல்லை. எங்கே பார்த்தாலும் கூட்டம், எந்நேரமும் தீனி, ஒரு ஊருக்கு நாலு மணி நேரம், இதெல்லாம் ஒரு பயணமா என்கிறார். எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான். போகலாமா?

உங்கள் கணவர் சொல்வதில் தவறு இல்லை, முதலில் அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஊருக்குப் போனால் சாயங்காலம் கால் போன போக்கில் நடக்க வேண்டும், ராத்திரி அந்த ஊர் எப்படி அடங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவருக்குக் கப்பல் சரிப்படாது. பெரும்பாலும் காலையில் வந்து கட்டும், சாயங்காலம் அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடும். அதிலும் துறைமுகம் ஓர் இடம், ஊர் ஓர் இடம். அட்டவணையில் ரோம் என்று போட்டிருக்கும், கப்பல் நிற்பதோ சிவிடவெக்கியாவில். அங்கிருந்து ரயில் பிடித்து ரோமுக்குள் போய்ச் சேர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். புளோரன்ஸ் என்றால் லிவோர்னோ. பாரிஸ் என்றால் லே ஹாவ்ர், அதாவது சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி! நாலு வயதுப் பையனோடு இப்படி ஓடிப் போய் ஓடி வந்தால் பார்த்ததைவிடப் பஸ்ஸில் உட்கார்ந்ததுதான் ஞாபகம் இருக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் நீங்கள் பார்த்த ஊரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெட்டி, சாப்பாடு, தூக்கம், தூக்கிக்கொண்டு நடந்தது, இவ்வளவுதான். கப்பல் தீர்த்து வைப்பது சரியாக இந்தச் சிரமங்களைத்தான். துணிமணியை ஒரே தடவை அலமாரியில் அடுக்கினால் போதும், ஊர்கள் உங்களைத் தேடி வரும். பையனுக்குப் பசித்தால் பத்து நிமிடத்தில் தட்டில் ஏதோ ஒன்று இருக்கும், அவன் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாலும் வயிறு எரியாது. தூக்கம் வந்தால் லிஃப்டில் நாலு தளம் இறங்கினால் அவன் படுக்கை. சின்னப் பிள்ளைகளோடு போகிற பயணத்தில் நம்மைச் சோர்வடைய வைப்பது நடையைவிட, அடுத்தது என்ன, அடுத்தது எங்கே என்று விடிந்ததிலிருந்து எடுக்கிற நூறு சின்ன முடிவுகள். கப்பலில் அதில் பெரும்பகுதி நம் தலையில் இல்லை. என் மனம் மாறியது இந்த ஒரு காரணத்தால்தான், நீர்ச்சறுக்கு, மேடை நிகழ்ச்சி எல்லாம் அப்புறம்.

அடுத்தது கிட்ஸ் கிளப், அதாவது கப்பலிலேயே பிள்ளைகளை விளையாட வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். பெரிய நிறுவனங்கள் பலவற்றின் கப்பல்களில் 3 வயதிலிருந்து சேர்த்துக்கொள்வார்கள், பெரும்பாலும் டிக்கெட்டிலேயே அடக்கம். ஒரு நிபந்தனை உண்டு: பிள்ளை டயப்பர் இல்லாமல் தானே கழிப்பறை போகப் பழகியிருக்க வேண்டும், இதில் பெரும்பாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பல கப்பல்களில் வயதுவாரியாகக் குழு பிரிப்பதால் உங்கள் பெண்ணும் பையனும் வேறு வேறு அறைக்குப் போக நேரலாம். அக்கா பக்கத்தில் இருந்தால்தான் பையன் இருப்பான் என்றால் முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். டிஸ்னி கப்பல்களில் 3 முதல் 10 வயது வரை ஒரே கிளப் என்பதால் இந்தப் பிரச்சினை வராது. என் சின்னவன் முதல் நாள் கிளப் வாசலில் என் துப்பட்டாவை விடவே இல்லை, இரண்டாம் நாள் அரை மணி நேரம் இருந்தான், மூன்றாம் நாள் நான் போய்க் கூப்பிட்டபோது வர மாட்டேன் என்று அழுதான். ஆனால் எல்லாப் பிள்ளையும் அப்படி மாறும் என்று சொல்ல மாட்டேன். கிளப்பில் இருக்கவே மாட்டேன் என்கிற பிள்ளையும் உண்டு, அப்போது உங்கள் ஓய்வுக் கணக்கு பாதியாகிவிடும். அதையும் சேர்த்து யோசியுங்கள்.

கூட்டம் உண்மைதான். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் 20 தளங்கள், 7 நீச்சல் குளங்கள், 6 நீர்ச்சறுக்குகள், முழுக்க நிரம்பினால் ஏறத்தாழ 7,600 பயணிகள். ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டால் 5,600 சொச்சம்தான். மீதி இரண்டாயிரம் பேர் எங்கிருந்து வருகிறார்கள்? அறையில் மூன்றாவது, நாலாவது படுக்கையில் படுக்கிறவர்கள், அதாவது பெரும்பாலும் நம் பிள்ளைகள். ஆகவே பள்ளி விடுமுறையில் கப்பல் நெருக்கியடிக்கும், பள்ளி நடக்கிற வாரங்களில் மூச்சுவிட இடம் இருக்கும். உங்கள் பையன் இன்னும் பள்ளியில் மாட்டவில்லை, பெண்ணுக்கு நாலைந்து நாள் லீவு சொல்ல முடிந்தால் விடுமுறையை ஒட்டி முன்னாலோ பின்னாலோ போங்கள். கூட்டம் பிடிக்காதவருக்கு அவ்வளவு பெரிய கப்பலும் வேண்டாம், இரண்டாயிரம் மூவாயிரம் பேர் போகிற கப்பலிலும் கிட்ஸ் கிளப் இருக்கிறது.

எத்தனை நாள் போவது? முதல் தடவையே ஏழு இரவு வேண்டாம். அதற்காக மூன்று இரவும் வேண்டாம் என்பேன், ஏறுகிற நாளும் இறங்குகிற நாளும் போனால் கையில் மிஞ்சுவது இரண்டே நாள், அதோடு வார இறுதியை ஒட்டிய குட்டிப் பயணங்களில் கொண்டாட்டத்துக்காக வருகிற இளைஞர் கூட்டமும் இரைச்சலும் கூடுதல். நாலு அல்லது ஐந்து இரவு, அதில் முழுக்க முழுக்கக் கடலிலேயே இருக்கிற நாள் ஒன்று. அந்த ஒரு நாள் உங்கள் கணவருக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். அவருக்கு அன்றைக்கு ஒரு நாற்காலியும் புத்தகமும் கடலும் போதுமாக இருந்தால் அடுத்த முறை ஏழு இரவைப் பற்றிப் பேசலாம். கூண்டில் அடைத்த மாதிரி இருந்தது என்றால் வற்புறுத்தாதீர்கள். அவருக்கு உண்மையிலேயே ஊர்தான் முக்கியம் என்றால் ஒரே ஊரில், சமையலறையோடு ஒரு வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். உங்கள் பெட்டிப் பிரச்சினை அதிலும் தீரும்.

இன்னொன்று, அறையைப் பதிவு செய்யும்போது தள வரைபடத்தைத் திறந்து, நீங்கள் எடுக்கிற அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான் முதல் தடவை பார்க்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே நீச்சல் குளத் தளம், விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தத்தில் ஐந்து நாளும் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேலும் கீழும் அறைகளாகவே இருக்கிற இடம்தான் நல்லது.

கேள்வி: குழந்தைக்கு ஒரு வயது ஆகப்போகிறது. கைக்குழந்தையோடு போகலாமா?

போகலாம், ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு வருடம் பொறுப்பேன். அனுமதிப்பதில் சிக்கல் இல்லை, பெரும்பாலான நிறுவனங்கள் 6 மாதம் முடிந்த குழந்தையை ஏற்றிக்கொள்ளும், அட்லாண்டிக்கைக் கடப்பது மாதிரி தொடர்ந்து பல நாள் கரை தொடாத பயணம் என்றால் 12 மாதம் முடிந்திருக்க வேண்டும். சிக்கல் நீச்சல் குளத்தில். டயப்பர் போட்ட குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்க விட மாட்டார்கள், நீச்சலுக்கென்று விற்கிற டயப்பர் போட்டிருந்தாலும் கூடாது. சில கப்பல்களில் மட்டும் அந்த வயதுக் குழந்தைகளுக்கென்று தனியாகத் தண்ணீர் விளையாட்டு இடம் இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே பெரும்பாலான கப்பல்களில் கிட்ஸ் கிளப்பும் இல்லை. டிஸ்னி, ராயல் கரீபியன் கப்பல்கள் சிலவற்றில் 6 மாதத்திலிருந்து பார்த்துக்கொள்கிற குழந்தைக் காப்பகம் உண்டு, அதற்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம், இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

தூக்கம் மட்டும் நன்றாக வரும். ஜன்னல் இல்லாத உள் அறை எடுத்தால் பகலிலும் கும்மிருட்டு, என்ஜினின் மெல்லிய அதிர்வு தொட்டில் ஆட்டுவது போல இருக்கும். டயப்பரும் பால்பவுடரும் நாள் கணக்குக்கு மேலே இரண்டு நாளுக்குச் சேர்த்தே கொண்டுபோங்கள்.

இரண்டாவது குழந்தையை எதிர்பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பயணம் முடிகிற நாளுக்குள் 24 வாரம் ஆகிவிடும் என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் கர்ப்பிணியை ஏற்றிக்கொள்ளாது. பணம் கட்டுமுன் நாளை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: என் பையன் ஒரு இடத்தில் நிற்க மாட்டான், எங்கே பார்த்தாலும் ஏறுவான். பால்கனி, கைப்பிடிச் சுவர், சுற்றிலும் கடல். நினைத்தாலே எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் மிகையாகப் பயப்படுகிறேனா?

இல்லை. அந்தப் பயம்தான் அவனைக் காப்பாற்றும், அதை விட்டுவிடாதீர்கள்.

கைப்பிடிச் சுவரின் உயரம் சட்டத்தில் இருக்கிறது. 2010ல் அமெரிக்காவில் வந்த கப்பல் பயணிகள் பாதுகாப்புச் சட்டப்படி அது தரையிலிருந்து குறைந்தது 42 அங்குலம், அதாவது சுமார் 107 சென்டிமீட்டர். தரையில் நிற்கிற நாலு வயதுப் பிள்ளை அதைத் தாண்டி விழ முடியாது. ஆபத்து எப்போது வருகிறது என்றால் அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடக்கும்போதும், கடலைக் காட்டுகிறேன் என்று பெரியவர்கள் தூக்கி அதன்மேல் உட்கார வைக்கும்போதும். இரண்டாவதை யாருமே, ஒரு விநாடிகூடச் செய்யக் கூடாது, தாத்தா பாட்டி உடன் வந்தால் அவர்களிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏறுகிற பிள்ளை என்றால் பால்கனி அறையே எடுக்காதீர்கள். திறக்க முடியாத ஜன்னல் வைத்த அறை இருக்கிறது, கடலும் தெரியும், நீங்களும் தூங்குவீர்கள்.

பால்கனியைவிட எனக்கு அதிகக் கவலை நீச்சல் குளம். சில நிறுவனங்கள் குளத்தருகே உயிர்காப்பாளர்களை நிறுத்துகின்றன, சிலவற்றில் யாருமே இருக்க மாட்டார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீச்சல் தெரியாத பிள்ளை கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையில் போன் இருக்கக் கூடாது.

கப்பல் கிளம்புமுன் அவசரகாலப் பயிற்சி ஒன்று நடக்கும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை, அப்போதைய விதிப்படி ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். அதன் பிறகு கிளம்புமுன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. இப்போது பல கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு, கூட வேண்டிய இடத்துக்குப் போய்த் தலையைக் காட்டினால் முடிந்தது என்றாகிவிட்டது. நீங்கள் அப்படி முடிக்காதீர்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அறையிலிருந்து அந்த இடம் வரை ஒரு தடவை படிக்கட்டில் நடந்து பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு ஏற்ற அளவில் லைஃப் ஜாக்கெட் எங்கே கிடைக்கும் என்று ஊழியரிடம் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

கேள்வி: காரில் பத்து கிலோமீட்டர் போனாலே என் ஏழு வயதுப் பெண் வாந்தி எடுத்துவிடுவாள். கப்பலில் என்ன ஆவாளோ?

பயண வாந்தி அதிகமாக வருகிற வயதே சுமார் 2 முதல் 12 வரைதான், ஆகவே உங்கள் கவலை நியாயமானது. கண் அசையவில்லை என்கிறது, உள்காது அசைகிறது என்கிறது, மூளை குழம்புகிறது, அதுதான் காரணம். பெரிய கப்பல் காரைப் போலக் குலுக்காது. தண்ணீருக்கு அடியில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி நீளுகிற இறக்கைகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைத்துவிடும். ஆனால் முன்னும் பின்னுமாக ஏறி இறங்குகிற ஆட்டத்தை அவை அவ்வளவாகக் குறைப்பதில்லை. அது கப்பலின் நடுவில், கீழ்த் தளங்களில் குறைவாகத் தெரியும். அறையை அங்கே எடுங்கள்.

வழித்தடம் இன்னும் முக்கியம். அலாஸ்காவின் இன்சைட் பேசேஜ், நார்வேயின் ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்த குறுகலான நீர்வழிகள்) இரண்டிலும் கப்பல் பெரும்பகுதி நேரம் தீவுகளுக்கும் மலைகளுக்கும் இடையில் போகும், திறந்த கடலின் அலை அங்கே குறைவு. கரீபியன் என்றால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம், அதை மனதில் வைத்துத் தேதி குறியுங்கள். மாத்திரையைப் பொறுத்தவரை குழந்தை மருத்துவரைக் கேட்காமல் எதுவும் தராதீர்கள். பெரியவர்கள் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற ஸ்கோபோலமைன் பட்டை சின்னப் பிள்ளைகளுக்கானது அல்ல. மருத்துவர் ஏதாவது எழுதிக் கொடுத்தால் வீட்டிலேயே ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள், சில பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதற்குப் பதில் படபடப்பு வந்துவிடும். தலை சுற்றுகிறது என்றால் திரையைப் பிடுங்கிவிட்டு மேல் தளத்துக்கு அழைத்துப் போய்த் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கப்பலில் வாந்திபேதி பரவியது என்று அடிக்கடி செய்தி வருகிறதே?

அது நோரோவைரஸ் என்கிற கிருமி. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இதைவிட எவ்வளவோ அதிகம் பரவுகிறது, கப்பலில் பரவினால் கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்பதால் செய்தியாகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் எல்லைக்குள் வருகிற பெரிய கப்பல்களைச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சோதித்து 100க்கு மதிப்பெண் போடுகிறது, 85 அல்லது அதற்குக் கீழே என்றால் தோல்வி. மதிப்பெண் பொதுவில் இருக்கிறது, உங்கள் கப்பலின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சோப்பு போட்டுத் தண்ணீரில் கை கழுவுவது. வாசலில் வைத்திருக்கிற சானிடைசர் இந்தக் கிருமியிடம் அவ்வளவாகப் பலிக்காது. பஃபே கரண்டியைத் தொட்ட கையால் பிள்ளைக்கு ஊட்டாதீர்கள்.

கேள்வி: எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம் என்கிறார்களே, நம்பலாமா?

அறை, பொதுச் சாப்பாடு, மேடை நிகழ்ச்சி, குளம், கிட்ஸ் கிளப், இவை பெரும்பாலும் அடக்கம். வைஃபை, குளிர்பானம், தனி உணவகங்கள், கரையில் அழைத்துப் போகிற சுற்றுலா, புகைப்படம், மருத்துவர் எல்லாவற்றுக்கும் தனி பில். டிப்ஸ் ஒரு தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தானாகவே ஏறுவதும் உண்டு, பல நிறுவனங்களில் பிள்ளைகளின் தலையையும் எண்ணுவார்கள். பிள்ளைகளுக்கு டிக்கெட் இலவசம் என்கிற விளம்பரத்திலும் துறைமுக வரி தனி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி, அதே நாட்களுக்கு ஓட்டலும் சாப்பாடும் எவ்வளவு ஆகும் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மருத்துவ உதவிக்குக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகிற செலவையும் ஏற்கிற காப்பீடு இல்லாமல் பிள்ளைகளோடு ஏறாதீர்கள், இதில் மட்டும் மிச்சம் பிடிக்கவே வேண்டாம்.

கரையில் தனியாகச் சுற்றப் போகிறவர்கள் கப்பல் நேரத்தைக் கவனியுங்கள். கப்பல் நடத்துகிற சுற்றுலாவில் போனவர்கள் வரத் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும், நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும்.

கேள்வி: சுற்றுச்சூழலுக்கு இது கேடு என்று படித்தேன். பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்துவிட்டு நாமே இப்படிப் போகலாமா என்று உறுத்துகிறது.

உறுத்த வேண்டிய விஷயம்தான், இல்லை என்று சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. மிதக்கிற ஓட்டலைத் தள்ளிக்கொண்டு போக நிறைய எரிபொருள் வேண்டும். 2020 ஜனவரியிலிருந்து கப்பல் எரிபொருளில் அனுமதிக்கப்பட்ட கந்தகத்தின் அளவு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் பல கப்பல்கள் பழைய எரிபொருளையே எரித்துப் புகையைத் தண்ணீரால் கழுவி அந்தத் தண்ணீரைக் கடலில் விடுகின்றன, விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. வெனிஸ் 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்களை ஊரின் நடுக் கால்வாய்க்குள் விடுவதில்லை. நார்வே தன் உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளுக்குள் புகை கக்காத கப்பல்தான் வரலாம் என்று விதித்திருக்கிறது, சின்னக் கப்பல்களுக்கு 2026 முதல், பெரியவற்றுக்கு 2032 முதல்.

போவது என்று முடிவு செய்தால், விமானம் ஏறாமல் போய்ச் சேரக்கூடிய துறைமுகத்திலிருந்து கிளம்புகிற கப்பலைப் பாருங்கள், துறைமுகத்தில் என்ஜினை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுக்கிற கப்பலா என்று கேளுங்கள். அலாஸ்காவின் ஜூனோவில் 2001லேயே இது வந்துவிட்டது. இதையெல்லாம் பார்த்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் போகாதீர்கள், பிள்ளைகளுக்குக் காரணத்தையும் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும்.

கேள்வி: பதினைந்து வயது மகன். எங்களோடு வெளியே வரவே பிடிக்காது. கப்பலில் என்ன செய்வான்?

பெரும்பாலும் உங்கள் கண்ணிலேயே பட மாட்டான்! பதின்வயதினருக்கென்று பெற்றோர் நுழைய முடியாத தனி இடம் பெரிய கப்பல்களில் இருக்கிறது, அதில் முதல் நாள் மாலை நடக்கிற அறிமுகக் கூட்டத்துக்கு மட்டும் எப்படியாவது அனுப்பிவிடுங்கள். நட்பு அன்றைக்கே அமைந்துவிடும், இரண்டு நாள் கழித்துப் போனால் ஒட்டுவது கஷ்டம். பல கப்பல்களில் இரவு 1 மணிக்கு மேல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றி வெளியே சுற்றக் கூடாது. உங்கள் வீட்டுக் கெடு அதற்கு முன்னால் என்றால் ஏறுமுன்பே அவனிடம் பேசி முடித்துவிடுங்கள், ஒரு வேளை சாப்பாடு மட்டும் தினமும் எல்லோரும் ஒரே மேஜையில் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.